உப்புத் தண்ணீர் ஊரில் புல்தரை: சாதா நாசிலா, ரொட்டேட்டரா, சொட்டுநீரா?

சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னால் முப்பதுக்கு முப்பது அடியில் ஒரு புல்தரை இருக்கிறது. கொரியன் புல், தண்ணீர் விட்டதும் தரைக்குள்ளிருந்து எழும்பும் ஒன்பது பாப்-அப் தெளிப்பான்கள். போட்டு ஒரு வருடம் ஆவதற்குள் கேட் பக்கம் சேறும் சுவர் ஓரம் சருகுமாக ஆகிவிட்டது. “தண்ணி பத்தல சார், இன்னும் பத்து நிமிஷம் சேர்த்து விடுங்க” என்றார் போட்டுக் கொடுத்தவர். விட்டேன். சேறுதான் கூடியது.

விசாரித்ததில் மூன்று வழிகள் கிடைத்தன. இருக்கிற சாதா ஸ்பிரே நாசில்களையே வைத்துக்கொண்டு அழுத்தத்தைச் சரிசெய்வது ஒன்று. அதே தெளிப்பான் பாடியில், சுழன்றபடி மெல்லிய தாரைகளாகப் பீய்ச்சும் ரொட்டேட்டர் நாசில் மாட்டுவது இரண்டாவது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மண்ணுக்குள் சொட்டுநீர்க் குழாய் புதைப்பது மூன்றாவது. ஹோஸ் பிடித்து நிற்பதும் ஒரு வழிதான். தினமும் முக்கால் மணி நேரம் நிற்க ஆளிருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்தேன். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர்களைப் புல்லில் பரவலாக வைத்து, கால் மணி நேரம் தண்ணீர் விட்டு, ஸ்கேலால் அளந்தேன். கேட் பக்கம் 11 மில்லிமீட்டர், சுவர் மூலையில் 2. மிகக் குறைவாக நிரம்பிய மூன்று டம்ளர்களின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால் தண்ணீர் எவ்வளவு சீராக விழுகிறது என்று தெரியும். எனக்கு 2-ஐ 6-ஆல் வகுத்து 33 சதவீதம் வந்தது. இந்த நிலையில் பத்து நிமிடம் கூட்டி விட்டால் மூலைக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் சேரும், கேட்டுக்கு ஏழு சேரும். ஏன் சேறானது என்று அப்போதுதான் புரிந்தது.

காரணம் மாடி டேங்க். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. எங்கள் டேங்க் புல்லிலிருந்து ஒன்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குழாய் உராய்வு போக ஒரு பார்கூடக் கிடைக்காது. சாதா நாசில் ஒழுங்காகப் பீய்ச்ச இரண்டு பார் வேண்டும், ரொட்டேட்டருக்கு மூன்று பாருக்குப் பக்கத்தில் வேண்டும். ஆக, தெளிப்பான் எதுவானாலும் பிரஷர் பம்பு இல்லாமல் முடியாது. அரை எச்.பி. பம்பு ஒன்று வாங்கினேன். சாய்ந்து நின்ற இரண்டு தெளிப்பான்களை நிமிர்த்தி, புல்லுக்குள் புதைந்திருந்த ஒன்றைத் தூக்கி வைத்தது அரை மணி நேர வேலை.

தண்ணீர்ச் செலவில் ரொட்டேட்டர்தான் கெட்டி. பதினைந்து அடி வீசும் சாதா நாசில் முழு வட்டத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 14 லிட்டர் எடுக்கும், அரை வட்டத்துக்கு 7, மூலையில் வைக்கும் கால் வட்டத்துக்கு மூன்றரை. நாலு மூலை, நாலு ஓரம், நடுவில் ஒன்று என்று என் ஒன்பதுக்கும் சேர்த்து 56 லிட்டர். ரொட்டேட்டர் போட்டால் மொத்தமே 15 லிட்டர் அளவில்தான் வரும். அதனால் சின்ன பம்பிலும் ஒன்பதும் ஒன்றாக ஓடும். மணிக்கு 40 மில்லிமீட்டர் கொட்டுவதற்குப் பதில் 10, 12 என்று நிதானமாக விழும். காற்றிலும் அவ்வளவாகச் சிதறாது. இரண்டையும் ஒரே வால்வில் கலந்து மாட்டினால் மட்டும் பழைய கதைதான், ஒரு பக்கம் நாலு மடங்கு விழும்.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் சாதா நாசிலோடு நின்றதற்குக் காரணம் எங்கள் போர் தண்ணீர். வெள்ளைக்கல் வெட்டி எடுக்கிற ஊர் இது. பக்கெட் விளிம்பு, ஷவர், வாட்டர் ஹீட்டர் காயில் எல்லாவற்றிலும் வெள்ளையாகக் காறை கட்டுகிறது. நாசிலும் தப்பாது. தண்ணீரை நிறுத்தியதும் நுனியில் நிற்கும் துளி வெயிலில் காய்ந்து உப்பாகப் படிகிறது. மறுநாள் அதன்மேல் இன்னொன்று. சேலத்துச் சித்திரையில் இரண்டே மாதத்தில் விசிறி போல விரிய வேண்டிய தண்ணீர் இரண்டாகப் பிளந்து விழுகிறது.

சாதா நாசிலில் அசையும் பாகம் எதுவும் இல்லை. கையால் திருகிக் கழற்றி, அடியில் இருக்கும் சின்ன வலையோடு எலுமிச்சை உப்புக் கரைசலில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் புதிது மாதிரி ஆகிவிடும். ஊசியால் மட்டும் குத்தக் கூடாது, ஓட்டை பெரிதாகி அந்த ஒரு நாசில் மட்டும் அதிகமாகக் கொட்டும். நான் ஒன்றைக் குத்திக் கெடுத்தேன். ரொட்டேட்டர் உள்ளே சுழன்றால்தான் வேலை செய்யும். மணலோ காறையோ சிக்கி நின்றால் தண்ணீர் ஒரே திசையில் நாலைந்து கோடாக விழுந்துகொண்டே இருக்கும், கோட்டில் பச்சை, இடையில் காவி. அப்புறம் விலை. ஒரு ரொட்டேட்டருக்கு எனக்குச் சொன்ன விலையில் மூன்று சாதா நாசில் வாங்கலாம்.

என் வீட்டில் ரொட்டேட்டர் ஓட்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்காட்டில் மச்சான் வீட்டுச் சரிவில் ஒரு வருடமாக ஓடுவதைப் பார்த்ததுதான். அங்கே ஊற்றுத் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளை படிவதில்லை. சரிவில் சாதா நாசில் கொட்டுகிற வேகத்துக்கு மண் குடிக்காமல் கீழே ஓடிவிடும், அதனால் அவருக்கு ரொட்டேட்டரே சரி. கீழ்மட்டத் தெளிப்பானில் மட்டும் வால்வை மூடிய பிறகும் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் வடிந்து குட்டையாக நின்றது. மிச்சத் தண்ணீர் வடியாமல் தடுக்கும் செக் வால்வு உள்ள பாடி மாற்றியதும் அது நின்றுவிட்டது.

சொட்டுநீர் பற்றி என் அனுபவம் வாழப்பாடிப் பக்கம் பெரியப்பாவின் பாக்குத் தோப்போடு சரி. ஆவியாவது குறைவு, காற்றுத் தொல்லை கிடையாது. ஆனால் தோப்பில் எந்த வாய் அடைத்தது என்று நடந்து பார்த்தாலே தெரியும், ஆசிட் விட்டுக் கழுவவும் ஆள் உண்டு. புல்லுக்கு அடியில் புதைத்தால் அடைப்பு தெரிவது புல் காய்ந்த பிறகுதான். அப்புறம் தரையைக் கிளற வேண்டும். உப்புத் தண்ணீருக்கு இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பம்பு 56 லிட்டர் தராது என்பதால் குழாயை இரண்டாகப் பிரித்தேன். நடு வரிசை மூன்றும் ஒரு பால் வால்வு, இரு ஓர வரிசைகளும் சேர்ந்து இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் 28 லிட்டர்தான் வருகிறது. பம்பையடுத்து மணலைப் பிடிக்க ஒரு டிஸ்க் ஃபில்டர். காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு வால்வும் கால் மணி நேரம். இரண்டும் ஓடி முடிந்தபின் டம்ளரை அளந்தேன், சராசரி 9, கீழ் மூன்றின் சராசரி ஆறரை. 72 சதவீதம்.

மாமரத்தடி மூலை மட்டும் இன்னும் தேறவில்லை. நிழலா, வேரா தெரியவில்லை, டம்ளரில் தண்ணீர் சரியாகத்தான் விழுகிறது. “அங்க புல்லே வேண்டாம், நாலு கல்லைப் போட்டு உட்கார இடம் பண்ணுங்க” என்கிறாள் மனைவி. கல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.