திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு கூத்து ஜமா புக் பண்ணப் போறீங்களா? எங்க ஊர் ரிவியூ

செய்யாறு பக்கம் எங்க ஊர்ல அக்னி வசந்த விழாவுக்கு இந்த தடவ புது ஜமாவ, அதாவது தெருக்கூத்து ஆடற குழுவ, கூப்பிட்டாங்க. குறையும் சொல்லப் போறதால பேர் போடல. அஞ்சுக்கு நாலு ஸ்டார்.

பகல் பிரசங்கம் ஜமா கணக்குல வராது, அதுக்கு தனியா ஒருத்தர். வில்லிபாரதத்துல இருந்து பாட்டெடுத்து மத்தியானம் கதை சொல்வாரு, அதையே ராத்திரி ஜமா ஆடிக் காட்டும். இவரு பாதி நேரம் மருமகளுங்க செல்போன் நோண்டறத பத்தியே பேசிட்டிருந்தாரு, பெருசுங்களே எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டாங்க.

ஆனா கூத்து வேற லெவல். மரக்கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கட்டிக்கிட்டு திரைக்குப் பின்னாடி நின்னு துரியோதனன் விருத்தம் எடுத்தாரு பாருங்க, தூங்கிட்டிருந்த பசங்க எல்லாம் எந்திரிச்சு உக்காந்துருச்சுங்க. திரௌபதி துகில் உரியற கூத்து அன்னிக்கு துச்சாதனன் வேஷக்காரர் புடவைல கை வைக்கறதுக்கு முன்னாடி ஆட்டத்த நிறுத்திட்டு அம்மன் பக்கம் திரும்பி, தாயே வயித்துப் பொழப்புக்கு கட்டற வேஷம், குத்தம் எடுத்துக்காதேன்னு கும்பிட்டு கற்பூரம் ஏத்தினாரு. திரௌபதி வேஷம் கட்டினதும் ஆம்பளதான், சாயங்காலம் டீக்கடைல லுங்கியோட எல்லாரும் பாத்த ஆளு, ஆனா அவரு கோவிந்தான்னு கைய தூக்கினதும் பொம்பளைங்க மொத்த பேரும் கோவிந்தா போட்டு அழுவறாங்க. முடிச்சு போட்ட புடவைங்க ஒன்னு பின்னாடி ஒன்னா வந்துட்டே இருக்கு, முடிச்சு கண்ணுக்கே தெரியுது, யாருக்கும் அது ஒரு விஷயமே இல்ல.

அர்ச்சுனன் தபசும் அப்படித்தான். கொட்டாய்க்குப் பின்னாடி பீடி புடிச்சிட்டிருந்த மனுசன் தபசு மரத்துல பாடிக்கிட்டே ஏறி மேல இருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் போடறாரு, கீழ புள்ள வரம் வேண்டி ஈரப்புடவையோட பொம்பளைங்க மடியேந்தி நிக்கறாங்க. இது நெசமா நடந்த கதையான்னு என் ஃபிரெண்டு ஒருத்தன் என் காத கடிச்சிட்டே இருந்தான், அங்க வேற யாருக்கும் அந்த டவுட்டே வரல. கதை தெரியாமயா வர்றாங்க, வருஷா வருஷம் பாக்கறதுதான், கர்ணன் சாவான்னு தெரிஞ்சேதான் விடிய விடிய உக்காந்திருக்காங்க. கர்ண மோட்சத்துல கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவி வர்ற இடம்தான் கூட்டம் அதிகமா அழுத இடம், இத்தனைக்கும் வியாசர் கதைல பொன்னுருவியே கிடையாது. என்ன கேட்டா வியாசருக்குத்தான் நஷ்டம்.

குறைன்னா, முகவீணைக்கு (நாதஸ்வரம் மாதிரி சின்ன ஊதுகருவி) பதிலா கீபோர்டு. அத சத்தமா வச்சு பின்பாட்டு சுத்தமா கேக்கல. கதைய எடுத்துச் சொல்லி சிரிக்க வைக்கற கட்டியங்காரன் ஜோக்கு சிலது பொம்பளைங்கள வச்சிட்டு பேசற ஜோக்கு இல்ல, நடுவுல சினிமா பாட்டு வேற. ஊர்ப் பேர சொல்லி தர்மகர்த்தாவையே வம்புக்கு இழுத்தது மட்டும் செம.

காலைல நடக்கற படுகளம், அதாவது துரியோதனன் சாவு, சூப்பர். மண்ணுல படுத்திருக்கற துரியோதனன் உருவத்த சுத்தி பீமனும் துரியோதனனும் தொரத்திக்கிட்டு ஓடி, கடைசில தொடைய பொளந்து செவப்புத் தண்ணி வந்ததும் திரௌபதி கூந்தல் முடிஞ்சாச்சு. அப்பறம் ஆளாளுக்கு அந்த மண்ணுல ஒரு புடி எடுத்து முந்தானைல முடிஞ்சுக்கிட்டாங்க. எங்க சித்தியும் எடுத்தாங்க, ராத்திரி பூரா துரியோதனன திட்டினவங்க அவங்கதான்.

சித்திரை வைகாசில டேட் கிடைக்கறது கஷ்டம், முன்னாடியே போய் வெத்தல பாக்கு வச்சு அட்வான்ஸ் குடுத்துருங்க. சினிமா பாட்டு வேணாம், முகவீணை வேணும்னு அப்பவே சொல்லிடுங்க. படுகளத்துக்கு காலைலயும் வேஷக்காரங்க இருக்கணும், அதுக்கு காசு தனியா சேத்தான்னும் கேட்டுக்கோங்க, எங்க ஊர்ல தீமிதி அன்னிக்கு அதுலதான் தகராறு ஆச்சு.