1899 சுவானி சீசன் போஸ்டர்: வாங்கலாம், ஆனால் ஒரு திருத்தம் வேண்டும்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மலைமேல் இருக்கும் சுவானி என்ற சின்னக் கல்லூரி 1899-இல் ஆடிய 12 ஃபுட்பால் ஆட்டங்களையும் (அமெரிக்கன் ஃபுட்பாலைச் சொல்கிறேன்) ஒரே படத்தில் அடக்கி ஓர் ஆன்லைன் கடை போஸ்டராக விற்கிறது. வாங்கி ஹாலில் மாட்டியாச்சு. தாள் நல்ல கனம், பளபளப்பு கிடையாது, அதனால் விளக்கு வெளிச்சம் பட்டாலும் எழுத்தைப் படிக்க முடிகிறது.

படத்தின் நடுவில் ஒரு ரயில் பாதை சிவப்புக் கோடாக ஓடுகிறது, போஸ்டரின் உயிரே அதுதான். நவம்பர் 9 ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழக அணியை 12–0, மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மை 10–0, 11-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் துலேனை 23–0, 13 பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யூ.வை (லூசியானா ஸ்டேட்) 34–0, 14 மெம்ஃபிஸில் ஓல் மிஸ்ஸை (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) 12–0 என்று ஊர் ஊராக ஜெயித்துக்கொண்டே போயிருக்கிறார்கள், எதிரிக்கு ஒரு பாயின்ட்கூடக் கொடுக்காமல். சுமார் 2,500 மைல் பயணம். இதை ஏற்பாடு செய்தது லூக் லீ என்ற மாணவர், பிற்பாடு அமெரிக்க செனட்டர் ஆனவர். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு வசூலைப் பங்கு போடுவதில் தகராறு வந்து அந்த ஆட்டமே இல்லாமல் போக, பணத்துக்கு வேறு வழி பார்த்துத்தான் இந்த டூரைப் போட்டார். இதையும் ஓரத்தில் அச்சடித்திருக்கிறார்கள், ரொம்ப நல்ல காரியம்.

ஆனால் தலைப்பில் ‘தொடர்ந்து 5 நாள், 5 வெற்றி’ என்று போட்டிருப்பது தப்பு. 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அன்று ஆட்டம் இல்லை. 6 நாளில் 5 வெற்றி என்பதுதான் சரி, அதுவே யாராலும் நம்ப முடியாத கணக்கு, கூட்டிச் சொல்ல அவசியமே இல்லை. டூருக்குப் போனவர்கள் மொத்தம் 21 பேர்தான். பந்தோடு முட்டுவதும் அதே ஆட்கள், தடுப்பதும் அதே ஆட்கள், ஒரு பாதி 35 நிமிடம், வெளியே போனவன் திரும்ப இறங்க முடியாது. இப்படி ஆடிவிட்டு ராத்திரி ரயிலில் தூங்கி எழுந்து மறுபடி ஆடிய உடம்புக்கு அந்த ஒரு நாள் ஓய்வு எவ்வளவு பெரிய விஷயம்! அதைப் போய் அழித்துவிட்டார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இன்னொரு குறை, ஆபர்ன் கல்லூரியோடு ஆடிய ஆட்டத்தை மூலையில் பொடி எழுத்தில் தள்ளிவிட்டது. நவம்பர் 30, மான்ட்கோமரி, 11–10. எதிரணிக்குக் கோச் ஜான் ஹைஸ்மன், இன்றைக்கும் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கு அவர் பெயரில்தான் கோப்பை கொடுக்கிறார்கள். சீசன் முழுக்க சுவானி விட்டுக்கொடுத்த பாயின்டே அந்த 10 மட்டும்தான் (மொத்தக் கணக்கு 322–10), தோற்றிருக்க வேண்டிய ஒரே நாளும் அதுதான். என்னைக் கேட்டால் ரயில் பாதைக்குச் சமமான இடம் அதற்குத் தர வேண்டும்.

அப்புறம், கீழே இருக்கும் விதிகள் கட்டத்தைத் தவறாமல் படியுங்கள். அப்போது டச்டவுனுக்கும் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) 5 பாயின்ட், ஃபீல்ட் கோலுக்கும் (பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 5 பாயின்ட், மூன்றே டவுனில், அதாவது மூன்றே முயற்சியில், 5 யார்டு போக வேண்டும், முன்னால் பாஸ் எறிய 1906 வரை அனுமதி கிடையாது. இது தெரியாவிட்டால் கடைசியில் அட்லாண்டாவில் நார்த் கரோலினாவை 5–0 என்று ஜெயித்தது எப்படி என்று புரியாது.

தலைப்பு விஷயத்தைக் கடைக்கு எழுதியிருக்கிறேன், அடுத்த அச்சில் மாற்றினால் யோசிக்காமல் வாங்கலாம். வாங்குபவர்கள் பெரிய சைஸாகவே வாங்குங்கள், சின்னதில் ஆபர்ன் வரியைப் படிக்கவே முடியாது.