ஸ்டென்சிலுக்கு எந்த ஸ்ப்ரே? பைக் கேனா, மொன்டானாவா, வாட்டர் பேஸ்டா?

பாரிமுனைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் ஸ்ப்ரே பெயின்ட் கேட்டேன். "கேட்டுக்கா, பைக்குக்கா தம்பி?" என்றார் கடைக்காரர். "படம் போட அண்ணே" என்றதும் ஒரு நொடி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப மேட் பிளாக் எடுத்துக்கோ" என்று ஒரு கேனை நீட்டினார். தெரிந்துதான் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் ஸ்டென்சில் (வெட்டிய தகட்டை வைத்து மேலே பெயின்ட் அடிக்கும் படம்) போட ஆரம்பிக்கிறவனுக்கு அதைவிட நல்ல யோசனையை அதற்குப் பிறகு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் போடுவது பெரும்பாலும் எம்டிஎஃப் என்கிற அழுத்திய மரநார்ப் பலகையில். பழைய செய்தித்தாள், பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகைத் துண்டு எல்லாம் ஒட்டி, மேலே அக்ரிலிக்கில் கொஞ்சம் பிரஷ் வேலை, அதற்கு மேல் எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய ஸ்டென்சில். (எக்ஸ்ரே ஃபிலிம் கிடைத்தால் விடாதீர்கள். ஓஎச்பி ஷீட் என்கிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் இரண்டாவது தடவையே ஓரத்தில் சுருண்டுகொள்ளும், இது படிந்து கிடக்கும்.) இந்த வேலைக்கு மூன்று வகை கேன்களை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்திருக்கிறேன்: ஹார்டுவேர் கடையிலும் புதுப்பேட்டை ஆட்டோ கடைகளிலும் கிடைக்கும் உள்ளூர் கேன், ஓவியர்களுக்கென்றே வரும் மொன்டானா வகை, அப்புறம் வாட்டர் பேஸ்டு, அதாவது தண்ணீரில் கலந்த பெயின்ட் வரும் கேன். எங்கள் வீட்டில் மூன்றாவதைத் தண்ணி கேன் என்று சொல்லப்போய், அம்மா இரண்டு நாள் காலி பபிள் டாப்பைத் தேடினார்.

முதலில் அழுத்தம். ஸ்டென்சிலைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான், நிறம் எல்லாம் பிறகு. பைக் டேங்குக்கும் கேட்டுக்கும் செய்த கேனில் பெயின்ட் வேகமாக, நிறைய வரும், ஏனென்றால் அங்கே ஒரே சீராகப் பெரிய பரப்பை மூட வேண்டும். அதே வேகம் ஸ்டென்சில் ஓரத்தில் பட்டால் காற்று ஃபிலிமைத் தூக்கும், தூக்கிய இடுக்கில் பெயின்ட் புகுந்துவிடும், கத்தி மாதிரி இருக்க வேண்டிய கோடு பூனை மீசை மாதிரி ஆகிவிடும். ஜெர்மனியின் மொன்டானா கோல்டு, ஸ்பெயினின் எம்டிஎன் 94 இரண்டும் குறைந்த அழுத்தக் கேன்கள். விரலை மெதுவாக அழுத்தினால் பெயின்ட்டும் மெதுவாகத்தான் வரும், ஒரு கண் இமையைக்கூட நிதானமாகப் போடலாம். இவை இரண்டும் ஒரே கம்பெனி என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. எம்டிஎன் கேன்களைச் செய்யும் மொன்டானா கலர்ஸ் 1994இல் பார்சிலோனாவில் தொடங்கியது, 94 என்ற பெயரே அந்த வருடம்தான். கோல்டைச் செய்யும் மொன்டானா கேன்ஸ் ஜெர்மன்காரர்களுடையது. ஆன்லைனில் வாங்கும்போது 'மொன்டானா' என்று மட்டும் தேடினால் இரண்டும் கலந்துதான் வரும். இன்னொன்று, மொன்டானா பிளாக், எம்டிஎன் ஹார்ட்கோர் இரண்டும் இதே கம்பெனிகளுடையவைதான், ஆனால் அதிக அழுத்தம், சுவரில் பெரிய எழுத்தைச் சடசடவென்று நிரப்பச் செய்தவை. நல்ல பிராண்டு என்று கேள்விப்பட்டு அதை வாங்கிவந்து ஸ்டென்சிலில் அடித்துவிட்டு நொந்துகொள்ளாதீர்கள்.

உள்ளூர் கேனை வைத்தும் சுத்தமான ஓரம் எடுக்க முடியும், பொறுமைதான் வேண்டும். ஒரு முழத் தூரத்திலிருந்து, பலகைக்கு நேர் செங்குத்தாக, தூவுகிற மாதிரி ஒரு கோட். ஒரு நிமிடம் விட்டு இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. முதல் கோட்டில் கீழே இருக்கும் செய்தித்தாள் எழுத்து தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் அதிகம் அடித்துவிட்டீர்கள். சாய்த்து அடித்தால் எந்தக் கேனும் காப்பாற்றாது. வெயில் நேரத்தில் கேன் சூடாக இருந்தால் உள் அழுத்தம் ஏறி இன்னும் மோசமாகப் பீய்ச்சும், அதனால் மே மாதத்தில் நான் காலை ஏழு மணிக்கே வேலையை முடித்துவிடுவேன். கேப்பை, அதாவது பெயின்ட் பீய்ச்சும் மூக்கை, மட்டும் மாற்றிச் சமாளிக்கலாமே என்று தோன்றும். சில கேன்களில் குழாய் கேனிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் குழாய் கேப்போடு வரும். அதைப் பார்க்காமல் மெல்லிய கோட்டுக்கான ஸ்கின்னி கேப் ஒரு டஜன் வாங்கி, இன்றும் டப்பாவில் சும்மா வைத்திருக்கிறேன்.

அடுத்து, எதன் மேல் எதை அடிக்கலாம் என்பது. வெறும் ஸ்டென்சில் என்றால் இது பெரிய விஷயமில்லை. காகிதம், அக்ரிலிக், ஸ்ப்ரே எல்லாம் கலக்கும் மிக்ஸ்டு மீடியாவில்தான் ஆள் மாட்டுவது.

உள்ளூர்க் கேன்கள் எல்லாம் ஒரே சரக்கு இல்லை, லேபிளைத் திருப்பிப் படிக்க வேண்டும். ஏசியன் பெயின்ட்ஸின் ஆப்கோலைட் ஸ்ப்ரே பெயரிலேயே எனாமல். வேறு சில கேன்கள் லாக்கர் (lacquer) என்கிற சீக்கிரம் காயும் வகை. எனாமல் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே காய ஒரு நாளாவது ஆகும். அந்த அரைகுறை நேரத்தில் மேலே லாக்கர் அடித்தீர்களானால், அதிலிருக்கும் சால்வென்ட் (பெயின்ட்டைக் கரைக்கும் திரவம்) கீழ்க் கோட்டைக் கிளப்பி, ஆறிய பாலில் ஏடு சுருங்குவது போலச் சுருக்கிவிடும். எனக்கு இது நடந்தது ஒரு ஆர்டர் வேலையில், கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு. பச்சைப் பின்னணி முழுக்கச் சுருங்கி எழும்பிவிட்டது. மேலே வந்த பெண் முகம் மட்டும் ஏதோ திட்டமிட்டுச் செய்தது போல அழகாக விரிசல் விட்டிருந்தது. வாங்கியவருக்குப் பிடித்துப்போயிற்று. அதே மாதிரி இன்னொன்று கேட்டார், எனக்கு இன்றுவரை அந்த விரிசல் வரவில்லை.

பளபளப்பான எனாமலில் இன்னொரு தொல்லை, அதன் மேல் அக்ரிலிக் பிடிக்காது. பிரஷை வைத்தால் பெயின்ட் முத்து முத்தாக விலகும், காய்ந்த பிறகு நகத்தால் உரித்துவிடலாம். அந்தக் கடைக்கார அண்ணன் மேட் எடுக்கச் சொன்னது இங்கேதான் உதவியது. மேட் பரப்பில் சொரசொரப்பு இருக்கும், அடுத்த கோட் பிடித்துக்கொள்ளும், ஸ்டென்சிலும் ஒட்டிக்கொள்ளாமல் கிளம்பி வரும். மொன்டானா கோல்டும் 94உம் மேட்தான், கால் மணி நேரத்தில் அடுத்த ஸ்டென்சிலை வைத்துவிடலாம். மூன்று நான்கு அடுக்கு முகம் போடுகிறவருக்கு இந்த ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம்.

எழுத்து, அச்சு எல்லாம் இருக்கும் காகிதங்களை ஒட்டிய கொலாஜ் என்றால் கதை மாறும். வாட்டர் பேஸ்டு அல்லாத சால்வென்ட் கேன் பால்பாயின்ட் பேனா எழுத்தையும் மார்க்கரையும் கரைத்து மேலே இழுத்துவரும். லேசர் பிரின்ட்டை நனைய அடித்தால் டோனர் இளகும். வாட்டர் பேஸ்டு இதற்கு நேர்மாறு, அது இங்க்ஜெட் பிரின்ட்டைக் கலைக்கும், லேசரை ஒன்றும் செய்யாது. அதனால் என்ன ஒட்டியிருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுக் கேனை எடுங்கள், அல்லது முதலில் ஒரு கோட் நிறமில்லாத அக்ரிலிக் மீடியம் பூசிக் காயவிட்டுவிடுங்கள். தெர்மாகோல் மேல் சால்வென்ட் கேன் வேண்டவே வேண்டாம். கொலுவுக்குக் கோபுரம் செய்கிறேன் என்று அடித்த என் தங்கைக்குக் கிடைத்தது சல்லடை.

வாட்டர் பேஸ்டில் நான் பயன்படுத்தியது எம்டிஎன் வாட்டர் பேஸ்டு 300. லிக்விடெக்ஸ் கம்பெனியும் இந்த வகை ஸ்ப்ரே செய்திருக்கிறது. இரண்டுமே தண்ணீர் வகை என்பதால் கீழேயும் மேலேயும் பிரஷ் வேலையோடு சண்டை இல்லாமல் போகும். வாடை குறைவு, ஸ்டென்சிலை ஈரத்திலேயே சோப்பு போட்டுக் கழுவிவிடலாம். குறை என்றால், மெல்லிசாகத்தான் படியும், கறுப்பு மேல் வெள்ளை எழ மூன்று கோட்டாவது வேண்டும். கேப் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் கேனைக் கவிழ்த்து வெறும் காற்று வரும்வரை அடித்து வைக்க வேண்டும். வாடை குறைவு என்பதால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. எந்தக் கேனானாலும் ஆர்கானிக் வேப்பர் ஃபில்டர் (சால்வென்ட் ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி) போட்ட ரெஸ்பிரேட்டர் முகமூடி வேண்டும், கொரோனா காலத்து என்95 துகளைத்தான் நிறுத்தும், ஆவியை நிறுத்தாது.

மழைக்காலத்தில் சென்னையில் லாக்கர் அடித்தால் கறுப்பு சாம்பல் பூத்துவிடும். சால்வென்ட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிவதால் வரும் வெண்மை அது. நவம்பரில் நான் வாட்டர் பேஸ்டுக்கு மாறிக்கொள்வேன். காய அதிக நேரம் எடுக்கிறது, எடுக்கட்டும்.

விலை விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். நான் வாங்கும்போதெல்லாம் இறக்குமதிக் கேன் ஒன்றின் விலைக்கு உள்ளூர்க் கேன் நான்கு வந்திருக்கும். தீப்பிடிக்கும் சரக்கு, விமானத்தில் பெட்டியில்கூட வைக்க விடமாட்டார்கள், அதனால் வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவிடம் சொல்லி வாங்கும் வழியும் அடைபட்டது. மொன்டானா கோல்டில் 200க்கும் மேல் நிறங்கள் இருக்கின்றன என்பது உண்மைதான், ஆனால் ஸ்டென்சிலுக்கு எத்தனை வேண்டும்? பிரெஞ்சு ஸ்டென்சில் கலைஞர் ப்ளெக் லெ ரா 1981இல் பாரீஸ் சுவர்களில் ஸ்டென்சில் எலிகளை அடிக்க ஆரம்பித்தபோது, கறுப்பே போதுமானதாக இருந்தது.

இப்போது என் அலமாரியில் இருப்பது: பின்னணிக்கு உள்ளூர் மேட் கேன் நான்கு, ஸ்டென்சிலுக்கு கோல்டில் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை, கொலாஜ் மேல் சாயம் போல் ஏற்ற கோல்டின் டிரான்ஸ்பேரன்ட் வகையில் ஒரு மஞ்சள், மழைக்கு வாட்டர் பேஸ்டில் இரண்டு. கையில் ஒரே ஒரு கேனுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் குறைந்த அழுத்த வெள்ளையை வாங்குங்கள். கறுப்புக்கு அந்த அண்ணன் கடையே போதும்.