பொன்னெழுத்தை நம்பி வாங்கிய பாரசீக வாள்: ஓர் எச்சரிக்கை

இலண்டனில் ஒரு பழம்பொருள் விற்பனையாளரிடம் 1,800 பவுண்டு கொடுத்து நான் ஏமாந்த கதையை, என்னைப் போலப் பழைய பாரசீக வாள் தேடிக்கொண்டிருப்பவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வாங்கியது வளைந்த அலகுடைய ஷம்ஷீர். அதன்மேல் பொன்னில் பதித்த இரண்டு எழுத்து முத்திரைகள்: ஒன்றில் புகழ்பெற்ற பாரசீக வாள் கொல்லரின் பெயரில் 'அசதுல்லா இஸ்பஹானியின் வேலை' என்றும் மற்றதில் ஷா அப்பாஸின் பெயரும் இருந்தன. 1598இல் இஸ்பஹானைத் தலைநகராக்கிய அந்த மன்னரின் காலத்தது என்று விற்பனையாளர் சான்றிதழும் எழுதித் தந்தார். உண்மையில் வாளில் இருந்த அசதுல்லாவின் கையொப்பத்தைக் கண்டதுமே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மனிதரின் ஆயுளில் அடங்காத அளவுக்கு, பல தலைமுறைகளைச் சேர்ந்த வாள்களில் அசதுல்லாவின் பெயர் காணப்படுகிறது. 'இறைவனின் சிங்கம்' என்று பொருள்படுவதால் அது பட்டப்பெயராகவும் வழங்கியிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

பாரசீக வாளின் மதிப்பு எழுத்தில் இல்லை, எஃகில் இருக்கிறது. மண் மூசையில் உருக்கி மெல்ல ஆறவிட்ட, ஏறத்தாழ 1.5 விழுக்காடு கரி சேர்ந்த எஃகுக் கட்டியை, அளவுக்கு மீறிச் சூடேற்றாமல் பலமுறை தட்டி நீட்டும்போது, உள்ளிருக்கும் கார்பைடு (இரும்பும் கரியும் சேர்ந்த கடினப் பொருள்) துகள்கள் வரிசை வரிசையாக அமைகின்றன; மெருகிட்டு அமிலம் தடவியதும் அவையே ஓடும் நீர்போலத் தெரிகின்றன. இரத்தினத்தில் நாம் நீரோட்டம் பார்ப்பதுபோல, பாரசீகர்கள் வாளில் 'ஜவ்ஹர்' பார்த்தார்கள். அச்சொல்லுக்கு மணி என்றே பொருள். அந்தக் கட்டிகளை வாங்கப் பாரசீக வணிகர்கள் கோல்கொண்டா வட்டாரம் வரை வந்தார்கள்.

என் வாளிலும் அந்த ஜவ்ஹர் கோலம் இருந்தது. அதுவும் அரிய 'நாற்பது படி' வகை. கொல்லர் அலகின் குறுக்கே பள்ளங்களை வெட்டி, பிறகு தட்டிச் சமப்படுத்துவதால் உண்டாகும் படிகள் அவை. கைவேலை என்பதால் ஒரு படி இன்னொன்றைப் போல இராது. என்னுடையதிலோ அடிக்கோல் வைத்து இழுத்தாற்போல ஒரே இடைவெளி.

மூன்று வாரம் கழித்து, பழைய ஆயுதங்களைச் செப்பனிடும் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் முத்திரைகளைப் பார்க்கவே இல்லை. வாளைத் திருப்பி முதுகை, அதாவது கூரில்லாத பின்விளிம்பைப் பார்த்தார். எஃகுக்குள்ளேயே இருக்கும் கோலம் முதுகிலும் தொடர வேண்டும். அங்கே வெறும் சாம்பல் நிறம். என் சம்மதத்துடன் கைப்பிடிக்கு அருகே நகமளவு இடத்தைத் தேய்த்து மெருகிட்டு, ஒரு துளி பெரிக் குளோரைடு வைத்தார். உண்மையான ஜவ்ஹராக இருந்தால் மறைந்த கோலம் மீண்டும் எழும். குனிந்தபடியே காத்திருந்தோம், எழவில்லை. பரப்பின்மேல் அமிலத்தால் அரித்து வரைந்த வெறும் படம் அது. பொன்னெழுத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது, பொன் பிடிப்பதற்காகக் குறுக்கும் நெடுக்குமாகச் சுரண்டிய கீறல்கள் தெரிந்தன. அப்படிச் சுரண்டுவது பழைய முறைதான். ஆனால் அவற்றில் துருவோ அழுக்கோ சிறிதும் இல்லை.

எனவே வாங்கும் முன்பே முதுகின் படத்தைக் கேளுங்கள். சோதனையில் பொய்த்தால் பணம் திரும்பும் என்பதை எழுத்தில் பெறுங்கள். நான் பெறவில்லை. சான்றிதழ் தம் கருத்து மட்டுமே, உத்தரவாதம் அல்ல என்று கூறி விற்பனையாளர் பணத்தைத் தர மறுத்துவிட்டார். வேண்டுமானால் மாற்றாக வேறொரு வாள் தருவதாகச் சொல்லிப் படம் அனுப்பினார். அதிலும் அசதுல்லாவின் பெயர் இருந்தது.