தோப்பை எட்டிப் பார்க்க லிப்ஜூஸ்: எட்டு மாதப் புழக்கத்துக்குப் பிறகு

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் மோட்டார் ரூம் சுவரில் ஒரு கேமரா வைத்திருக்கிறேன். கூடவே ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று, இணையத்துக்கு ஒரு 4ஜி டாங்கிள். நான் இருப்பது சென்னையில். மூணு பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் மோட்டார் ஓடுகிறதா, தொட்டியில் தண்ணீர் விழுகிறதா என்று இங்கிருந்தே பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கடைக் கேமரா வாங்கினால் படம் யாரோ ஒருவருடைய சர்வரைச் சுற்றித்தான் வரும் என்பதால், இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கும் லிப்ஜூஸ் என்ற லைப்ரரியை (தயார் நிரல் தொகுப்பு) வைத்து நானே எழுத உட்கார்ந்தேன்.

முதலில், வெளியிலிருந்து வருவதை உள்ளே விடச் சொல்லி வீட்டு ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டேன். எதுவும் வந்து சேரவில்லை. ரவுட்டரின் வெளி முகவரியைப் பார்த்தால் 100.72 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், இணைப்பு தருகிறவர்கள் தங்களுக்குள் புழங்குவதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்டவை. அதாவது என் ரவுட்டருக்கு மேலே இன்னொரு நேட் (பல பேரை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாடு) உட்கார்ந்திருக்கிறது. அதில் கைவைக்க எனக்கு வழியில்லை. தோப்பு டாங்கிளும் அதே ஜாதி. இரண்டு பக்கமும் பூட்டிய கதவு.

இந்த மாதிரி நிலைமைக்குத்தான் ஐஸ் என்ற நெறிமுறை இருக்கிறது. இரண்டு பக்கமும் தங்களை எந்தெந்த முகவரியில் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்டு மாற்றிக்கொண்டு, ஒரே நேரத்தில் ஒன்றையொன்று தட்டிப் பார்க்கும். உள்ளிருந்து வெளியே போன பாக்கெட்டுக்குப் பதில் என்று நினைத்து நேட் வழிவிட்டுவிடும். இதற்கு லிப்நைஸ் என்ற பழைய லைப்ரரி உண்டு, நல்லதும்கூட. ஆனால் ஜிலிப் என்ற இன்னொரு பெரிய லைப்ரரியையும் கூட்டிக்கொண்டுதான் வரும். என் சின்ன சி நிரலுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. அதே வேலையைச் செய்யும் லிப்ஜூஸுக்கு வேறு எந்த லைப்ரரியும் வேண்டாம். ஜூஸ் என்ற பெயரின் முதல் எழுத்தை விரித்தால் மறுபடி ஜூஸ் என்றே வரும். குனு (GNU) என்ற பெயரைப் போலவே, அந்தக் காலத்துக் குறும்பு. ராஸ்பெர்ரி பையிலேயே கம்பைல் செய்தேன், டீ ஆறுவதற்குள் முடிந்தது.

பயன்படுத்துவதும் சுலபம். இணைப்பைக் கவனிக்கும் ஏஜென்ட் ஒன்றை உருவாக்கி, நம் வெளி முகவரியைப் பார்த்துச் சொல்லும் ஸ்டன் சர்வரின் பெயரைக் கொடுத்து, கேண்டிடேட்களை (நம்மைப் பிடிக்கக்கூடிய முகவரிகளை) சேகரிக்கச் சொன்னால், சில வரிகளில் ஒரு விவரணை தரும். அதை எதிர்ப்பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் நம் பொறுப்பு. லைப்ரரி அதில் தலையிடாது. இதை ஆவணத்தில் படித்தும் எனக்கு முதல் நாள் உறைக்கவில்லை.

சரி, முதல் சோதனைக்கு வாட்ஸ்அப் போதும் என்று சித்தப்பா மகனை லேப்டாப்போடு தோப்புக்கு அனுப்பினேன். "ஏனுங்கண்ணா, இந்த எழுத்து முழுசும் அனுப்போணுங்களா?" என்றான். முழுசும் அனுப்புடா என்றேன். அவன் கடைசி இரண்டு வரியை மட்டும் விட்டு அனுப்பினான். அடுத்த தடவை சரியாக வந்தது, ஆனால் என்னுடையதை அவன் ஒட்டுவதற்குள் இந்தப் பக்கம் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் தோல்வி என்று சொல்லிவிட்டது. நான்காவது முயற்சியில்தான் இணைந்தது. மறுநாளே மாதம் ஐந்நூறு ரூபாய் வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து, இந்த வரிகளைக் கைமாற்ற மட்டும் ஒரு நிரல் எழுதினேன்.

இணைந்த வழி எது என்று லைப்ரரியிடமே கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான். டாங்கிளின் நேட் ஒவ்வொரு எதிராளிக்கும் ஒவ்வொரு போர்ட்டைக் கொடுக்கிற ரகம். ஸ்டன் சர்வர் பார்த்துச் சொன்ன போர்ட் எனக்கு உதவாது. ஆனாலும் வீட்டு ஃபைபரிலிருந்து இணைப்பு கிடைத்தது. எப்படி என்று பார்த்தால், தோப்பிலிருந்து எதிர்பாராத போர்ட்டில் வந்த தட்டலை என் பக்கத்து நேட் உள்ளே விட்டிருக்கிறது. ஏஜென்ட் அதைப் புது கேண்டிடேட்டாக எடுத்துக்கொண்டு அதன் வழியே பேசியிருக்கிறது. இப்படிக் கிடைத்த முகவரிக்கு 'பியர் ரிஃப்ளெக்ஸிவ்' என்று பெயர். லாக்கில் அதைப் பார்த்தபோது உண்மையிலேயே கைதட்டினேன்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டிலிருந்து பார்த்தால் இந்த அதிர்ஷ்டம் இல்லை. இரண்டு பக்கமும் அதே ரகம் என்றால் எந்த லைப்ரரியும் ஓட்டை போட முடியாது. நடுவில் நின்று கைமாற்றிவிடும் (ரிலே) டர்ன் சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். அதே வாடகை சர்வரில் கோடர்ன் என்ற டர்ன் மென்பொருளைப் போட்டேன். அரை நாள் போனது என் தப்பால்: வெளி முகவரியைக் கோடர்னுக்குச் சொல்ல மறந்ததால், ரிலே கேண்டிடேட்டில் 10 என்று ஆரம்பிக்கும் உள் முகவரி வந்துகொண்டே இருந்தது. அப்புறம் ஃபயர்வாலில் 3478 என்ற போர்ட்டை மட்டும் திறந்திருந்தேன். ரிலேக்கு 49152-லிருந்து 65535 வரையும் திறக்க வேண்டும். இப்போது நேர்வழியில் ஐம்பது மில்லி செகண்ட், ரிலேயில் தொண்ணூறு ஆகிறது. மோட்டாரைப் பார்க்க இரண்டும் போதும்.

குறை என்று சொன்னால் ஆவணம்தான். ஃபங்ஷன்களைப் பட்டியலிடும் தலைப்புக் கோப்பும் (ஹெடர்) சோதனை நிரல்களும்தான் பாடப்புத்தகம். சோதனை நிரல்கள் தெளிவாக இருக்கின்றன, ஆனால் புதிதாக வருகிறவர் திணறுவார். பாக்கெட் வந்ததும் அழைக்கப்படும் நம் ஃபங்ஷன் லைப்ரரியின் த்ரெட்டிலேயே (அதன் வேலை ஓடும் அதே இழையில்) ஓடுகிறது. நான் அதற்குள்ளேயே படத்தை எஸ்டி கார்டில் எழுதினேன். கார்டு மூச்சு வாங்கும்போதெல்லாம் இணைப்பும் சேர்ந்து திக்கியது. வரிசையில் போட்டுவிட்டு வேறு த்ரெட்டில் எழுதியதும் சரியானது.

இன்னொன்று, லிப்ஜூஸ் தருவது வெறும் யுடிபி பாதை; போனது போய்ச் சேர்ந்ததா என்று அது பார்க்காது. பூட்டு, அதாவது குறியாக்கம், நாம்தான் போட வேண்டும். நான் படத்தைத் துண்டுக்கு 1200 பைட் என்று பிரித்து, லிப்சோடியம் என்ற குறியாக்க லைப்ரரியை வைத்து ஒவ்வொரு துண்டையும் பூட்டுகிறேன். ஒரு துண்டு தொலைந்தால் அந்தப் படத்தையே விட்டுவிடுகிறேன். அடுத்தது இரண்டு நொடியில் வரும். அந்த வேலையெல்லாம் தயாராக வேண்டும் என்கிறவர்கள் லிப்டேட்டாசேனல் என்ற லைப்ரரிக்குப் போகலாம். அடியில் ஓடுவது இதே லிப்ஜூஸ்தான், பிரவுசரோடும் பேசும். அப்பா போனில் பார்க்கக் கேட்கிறார் என்பதால் நானும் பொங்கலுக்குப் பிறகு அங்கேதான் மாறப்போகிறேன்.