.223 பித்தளையில் எந்தக் குண்டு? மலிவு ரைஃபிளுக்குப் புதுப் பேரல் போட்ட கதை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து டோங்காட்டில் என் வீட்டிலிருந்து கடல் இரண்டு கிலோமீட்டர். கேட் கீல், கார் சைலன்சர், அம்மா காலத்துக் குத்துவிளக்கு என்று உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. போன வருஷம் ஒரு நீண்ட விடுமுறை முடிந்து வந்து சேஃபைத் திறந்தால், என் .223 காலிபர் சாவேஜ் ஆக்ஸிஸ் ரைஃபிளின் பேரலுக்குள் செம்மண் அப்பின மாதிரி துரு. எண்ணெய் போடாமல் பூட்டிவிட்டுப் போனது என் தப்புதான். தேய்த்துக் கழுவி நூறு மீட்டரில் சுட்டுப் பார்த்தேன். ஐந்து குண்டும் ஒரு ரொட்டி அகலத்துக்குப் பரவின.

ஆக்ஸிஸ் விலை குறைந்த துப்பாக்கி. அதையும் நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். புதுப் பேரலுக்கும் கன்ஸ்மித் கூலிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆனாலும் ட்ரிகர் என் விரலுக்குப் பழகிவிட்டது, லைசென்ஸும் கையில் இருக்கிறது. மாற்றியே விடுவது என்று முடிவெடுத்தபோது பீட்டர்மாரிட்ஸ்பர்க் மச்சான் போனில் கேட்டார்: “எப்படியும் பேரலைக் கழட்டப் போற. திரும்ப அதே .223-தானா, மச்சான்?”

அந்தக் கேள்வி என்னை மூன்று மாதம் தூங்கவிடவில்லை.

முதல் வேலி, தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டும் போல்ட்டின் முகம். .223-க்கான போல்ட்டில் தோட்டாவின் அடிப்பாகம் உட்காரும் குழி சுமார் 9.6 மில்லிமீட்டர். 6.5 கிரெண்டலுக்கு 11.2 வேண்டும். கிரெண்டல் அருமையான தோட்டா, ஆனால் அதற்கு வேறு போல்ட் தலை, வேறு மேகசின் வாங்கவேண்டும். மலிவு ரைஃபிள் என்ற பேச்சே அடிபட்டுப்போகும். அதனால் .223-இன் பித்தளையிலேயே, அதாவது தோட்டாவின் காலிக் கூட்டிலேயே, செய்யக்கூடிய தோட்டாக்களை மட்டும் பார்த்தேன். கம்பெனி பெட்டி போட்டு விற்காத, நாமே பித்தளையை வளைத்துச் செய்துகொள்ளும் இந்த ரகத்துக்குத்தான் வைல்ட்கேட் என்று பெயர்.

கடைசி வரை நின்றவை இரண்டு. .223-இன் கழுத்தைச் சுருக்கி .20 குண்டு (எண் அங்குலத்தில் குண்டின் குறுக்களவு) வைக்கும் 20 ப்ராக்டிக்கல் ஒன்று. அதே கழுத்தை விரித்து .243, அதாவது 6 மில்லிமீட்டர், குண்டு வைக்கும் 6×45 இன்னொன்று. நடுவே .300 பிளாக்அவுட்டும் .223 ஆக்லி இம்ப்ரூவ்டும் தலைகாட்டிவிட்டுப் போயின.

வேகக் கணக்கைப் போட்டபோது ஒரு வேடிக்கை. .223-இல் 55 கிரெயின் (குண்டின் எடைக்கான அலகு) குண்டு நொடிக்கு 990 மீட்டர் வாக்கில் போகும், வாய்முனை ஆற்றல் 1,740 ஜூல். 20 ப்ராக்டிக்கலில் 40 கிரெயின் 1,110 மீட்டர், 1,600 ஜூல். 6×45-இல் 80 கிரெயின் 840 மீட்டர், 1,830 ஜூல். பிளாக்அவுட்டில் 125 கிரெயின் 675 மீட்டர், 1,850 ஜூல். பேரல் நீளத்தையும் வெடிமருந்தையும் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் எல்லாம் ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன. சின்னக் கிண்ணத்தில் பிடிக்கிற மருந்துதானே, அதிலிருந்து எவ்வளவு வரும்? ஆகவே “எதற்கு வலு அதிகம்” என்று கேட்பதில் அர்த்தமில்லை. அந்த வலுவை எந்த மிருகத்தின் மேல் எப்படி இறக்கப்போகிறோம் என்பதுதான் கேள்வி.

நான் வருஷத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில், கரூ வறண்ட பூமியில் க்ராடாக் பக்கம் ஒரு ஆட்டுப் பண்ணைக்குப் போகிறவன். சுடுவது பெரும்பாலும் ஸ்ப்ரிங்பாக் மான். நன்றாக வளர்ந்த கிடா நாற்பது கிலோ இருக்கும். இறைச்சி டர்பனுக்கு வந்து பாதி குழம்பு, பாதி பில்டொங் என்கிற உப்புக்கண்டம். ராத்திரியில் பண்ணைக்கார ஊம் (அங்கே பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவது) ஒரு உதவி கேட்பார். குட்டிகளைத் தூக்குகிற நரியையும் ரூய்காட் என்கிற காட்டுப்பூனையையும் தீர்க்கவேண்டும். ஆக எனக்கு வேலை இரண்டு. பகலில் கறி, ராத்திரியில் காவல்.

காவலுக்கு 20 ப்ராக்டிக்கலை மிஞ்ச ஆளில்லை. மச்சான் அதன் பக்கம்தான். கனமான குண்டுதான் காற்றை எதிர்த்து நிற்கும் என்று பேசுகிறவர்களை எல்லா ரேஞ்சிலும் பார்க்கலாம். இந்த இரண்டில் கதை நேர்மாறு. 40 கிரெயின் .20 குண்டு ஒல்லியாக நீண்டது, வேகமும் அதிகம். 6×45-இன் 80 கிரெயினைவிடப் பக்கவாட்டில் குறைவாகத்தான் நகரும், கீழே விழுவதும் குறைவு. கரூவில் மத்தியானக் காற்று எழும்பிவிட்டால் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். உதையும் சொற்பம். சுட்ட பிறகும் ஸ்கோப்பிலிருந்து இலக்கு நழுவாது, குண்டு எங்கே விழுந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பித்தளை செய்வதும் எளிது. பித்தளையை அளவுக்குக் கொண்டுவரும் .223 ரீசைசிங் டையில், கழுத்தை அழுத்தும் சின்ன புஷிங் ஒன்றைப் போட்டு ஒரே அழுத்து, முடிந்தது. கழுத்தைக் கடைந்து மெலிதாக்க வேண்டியதில்லை. ப்ராக்டிக்கல் என்று பெயர் வைத்ததே அதனால்தான்.

பிறகு ஏன் நான் அதை எடுக்கவில்லை? அந்த வேகத்தில் அந்த மெல்லிய குண்டு ஸ்ப்ரிங்பாக்கின் தோளில் பட்டால் தோள் கூழாகிவிடும். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவன் நான், ஆனால் அது மீலி மீல் என்கிற மக்காச்சோள மாவில் காய்ச்சுகிற கூழ். மச்சான் “தலையிலே சுடு” என்பார். இருநூறு மீட்டரில் காதை ஆட்டிக்கொண்டு நிற்கிற தலை அது. தாடையில் பட்டு ஓடிவிட்டால் அந்த மிருகம் நாலு நாள் பட்டினி கிடந்து சாகும். அந்தப் பாவத்தைச் சுமக்க எனக்கு மனசில்லை.

அடுத்தது கடை. .243 வின்செஸ்டர் 1955-இல் வந்தது, தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு வீடு இருக்கிற துப்பாக்கி. அதனால் 6 மில்லிமீட்டர் குண்டு எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். .20 குண்டைத் தேடி நான் ஏறி இறங்கிய நாலு கடையில் ஒன்றில்தான் இரண்டு பெட்டி இருந்தது. .20 பேரலுக்கு க்ளீனிங் ராடும் தனி. சாதாரண .22 ராட் உள்ளே நுழையாது. சின்ன விஷயம்தான், ஆனால் பண்ணையில் ராடை மறந்துவிட்டால் ஊரெல்லாம் கேட்டாலும் கிடைக்காது.

6×45 ஒன்றும் புது மாப்பிள்ளை இல்லை. .223 கடைக்கு வந்தது 1964-இல். அதன் கழுத்தை விரித்துப் பார்க்கிற ஆசை வந்த கையோடு பிறந்துவிட்டது. செய்வதற்கு வேண்டியது ஒரு கூம்பு எக்ஸ்பாண்டர். கழுத்தின் உள்ளே விரல் நுனியால் மெழுகு தொட்டு வைத்து, பிரெஸ்ஸின் கைப்பிடியை மெதுவாக இறக்கவேண்டும். நல்ல பித்தளை வழுக்கிக்கொண்டு போகும். பலமுறை சுட்டு இறுகிப்போன பித்தளை கையிலேயே முனகும். அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கழுத்து விளிம்பில் மயிரிழை விரிசல் தெரியும். என் முதல் ஐம்பதில் ஏழு அப்படிப் போயின. அதற்குப் பிறகு பழைய பித்தளையின் கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டி இளக்கிக்கொண்டேன், சேதம் நின்றது. ராணுவப் பித்தளை கிடைத்தால், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் உட்காரும் குழியைச் சுற்றியிருக்கும் அழுத்து விளிம்பை எடுக்கவேண்டும். சுவரும் பெரும்பாலும் தடிமன், உள்ளே இடம் குறைவு. அதே அளவு மருந்தை அதில் கொட்டக்கூடாது, கீழிருந்து ஏறி வரவேண்டும்.

6×45-க்கும் குறை உண்டு. .243-க்கென்று தடித்த உறையோடு செய்த 100 கிரெயின் குண்டு இந்த வேகத்தில் தூரத்தில் சரியாக விரியாது, ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும். குண்டு நீளம் என்பதால் மருந்து இருக்கவேண்டிய இடத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும். 70 முதல் 85 கிரெயினுக்குள், மெல்லிய உறையுள்ளதாகப் பார்த்து எடுக்கவேண்டும். நான் இருநூறு மீட்டருக்கு மேல் ஸ்ப்ரிங்பாக்கைத் தொடுவதில்லை. முந்நூறு மீட்டரில் சுட ஆசைப்படுகிறவர் நேராக .243 வாங்கிக்கொள்வது நல்லது.

பேரல் மாட்டுவதில் இரண்டும் சமம். ஆக்ஸிஸில் பேரலை நட் போட்டு இறுக்குகிறார்கள். இரண்டு தோட்டாவுக்கும் தோள்பட்டை .223-இன் தோள்பட்டையேதான், அதனால் ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) பார்க்க .223 கேஜே போதும். மேகசினும் அதேதான். சேம்பரை, அதாவது பேரலில் தோட்டா உட்காரும் அறையை, குடைகிற ரீமர்தான் இழுத்தது. எங்கள் கன்ஸ்மித்திடம் 6×45 ரீமர் இருந்தது, 20 ப்ராக்டிக்கலுக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவேண்டும் என்றார்.

ஆக்லி இம்ப்ரூவ்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோளை 40 பாகைக்கு நிமிர்த்தி இன்னும் கொஞ்சம் மருந்துக்கு இடம் பண்ணுவது அது. அந்தக் கொஞ்சத்துக்காக ஒவ்வொரு பித்தளையையும் ஒருமுறை சுட்டு உருவாக்கவேண்டும். மருந்து விற்கிற விலைக்கு எனக்குக் கட்டுப்படியாகாது.

பிளாக்அவுட் இப்போது வைல்ட்கேட் இல்லை, 2011-லேயே அமெரிக்கத் தர அமைப்பு ஏற்றுக்கொண்டது. குட்டைப் பேரலுக்கும் சைலன்சருக்கும் பிறந்தது. என் நீளப் பேரல் போல்ட் ரைஃபிளுக்கு அது பொருந்தாத சட்டை. அதோடு ஒரு பயம். சில பிளாக்அவுட் தோட்டாக்கள் .223 சேம்பருக்குள் திணித்தால் போய்விடும். .30 குண்டு .22 துளைக்குள் போக வழியில்லாமல் துப்பாக்கியே வெடித்த சம்பவங்கள் உண்டு. எங்கள் ரேஞ்சில் ஒருவருடைய .223 பெட்டிக்குள் ஒரே ஒரு பிளாக்அவுட் கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மச்சான் துப்பாக்கி .223, நாங்கள் போவது ஒரே பக்கி வண்டியில். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சட்டப் பக்கத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பேரல் என்பது முக்கிய பாகம், ஆணி மாதிரி வாங்கிவந்து மாட்டிக்கொள்ள முடியாது. காலிபர் மாறினால் தாளும் மாறவேண்டும், நான் பதிவுள்ள கன்ஸ்மித் வழியாகவே எல்லாவற்றையும் செய்தேன். அதே சட்டத்தில் ஆம்யூனிஷன் என்றால் பிரைமரும் முழுத் தோட்டாவும்தான். காலிப் பித்தளை அதில் சேராது. ரேஞ்சில் குனிந்து பொறுக்கிய .223 பித்தளை ஒரு வாளி நிறைய என் கராஜில் இருக்கிறது, யாரும் கேட்கமுடியாது. பொறுக்கியெடுக்கிற பித்தளையில் வாழ்கிற தோட்டா என்பதுதான் எனக்கு 6×45-இன் பெரிய பலம்.

புதுப் பேரல் வந்தது. முதல் நாளே நூறு மீட்டரில் மூன்று குண்டு ஒரு ஐந்து ராண்ட் காசுக்குள் விழுந்தன. மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். பதில் வரவில்லை.

இரண்டாம் வாரம் அவரே வந்தார். இருவர் பெட்டியும் ஒரே மேசையில். நான் பேசிக்கொண்டே ஒரு தோட்டாவை எடுத்துப் போட்டுச் சுட்டேன். சத்தம் வேறு மாதிரி, சப்பென்று இருந்தது. தாளில் ஓட்டையே இல்லை. போல்ட்டை இழுத்தால் வெளியே வந்த பித்தளையின் கழுத்து புனல் மாதிரி விரிந்திருந்தது. அவருடைய .223-ஐ என் 6×45-இல் சுட்டிருக்கிறேன். ஒல்லிக் குண்டு பெரிய துளைக்குள் தடதடவென்று போய் எங்கேயோ விழுந்திருக்கிறது. துப்பாக்கிக்கோ ஆளுக்கோ ஒன்றும் ஆகவில்லை. மாற்றிப் போட்டிருந்தால் 6×45 அவர் சேம்பருக்குள் போயே இருக்காது, கழுத்து தடுத்துவிடும்.

“இருபது ப்ராக்டிக்கல் போட்டிருந்தா என் .223 உன் துப்பாக்கிக்குள்ளயே போயிருக்காது, மச்சான்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையும் அதுதான். .223-இன் கழுத்து அந்தச் சின்ன சேம்பருக்குள் நுழையாது. .223 வைத்திருக்கிற வீட்டிலோ, .223 வைத்திருக்கிறவரோடு சேர்ந்து வேட்டைக்குப் போகிறவருக்கோ, இந்த ஒரு விஷயத்தில் 20 ப்ராக்டிக்கல்தான் மேல்.

என் 6×45, அவர் .223 இரண்டிலும் பித்தளையின் அடியில் .223 என்றுதான் முத்திரை இருக்கும், படித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அன்று சாயங்காலமே மகளின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து என் பித்தளை எல்லாவற்றின் அடியிலும், பிரைமரைச் சுற்றி, ஒரு வளையம் போட்டேன். இருநூறு பித்தளைக்கு முக்கால் பாட்டில் ஆயிற்று. கல்யாணத்துக்கென்று வாங்கிவைத்த பாட்டிலாம் அது.