ஷாவ்லின் கோயில்: ஷோ பாத்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க

சைனால செங்ஜோ வரைக்கும் போறவங்க டெங்ஃபெங் பக்கத்துல இருக்கிற ஷாவ்லின் கோயிலுக்கு கண்டிப்பா ஒரு நாள் ஒதுக்குங்க. குங்ஃபூ ஷோ அரை மணி நேரம் ஓடும், பசங்க அந்தரத்துல சுழல்றாங்க, கம்பு சுத்துறது கண்ணுக்கே தெரியல, சூப்பர். ஆனா குங்ஃபூ எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியணும்னா கோயிலுக்குள்ள இருக்கிற கல்லையும் தரையையும்தான் பாக்கணும்.

நம்மாளுங்க முக்கால்வாசி பேரு காஞ்சிபுரத்து போதிதர்மர்தான் இதெல்லாம் சொல்லிக்குடுத்தாருன்னு நம்பித்தான் போறோம், எங்க குரூப் கைடும் அதையே சொல்லிட்டு கோயிலுக்குள்ள இருக்கிற பழைய கல்வெட்டுப் பக்கம் நிக்கவே விடாம இழுத்துட்டுப் போயிட்டாரு, நான் தனியா திரும்பி வந்துதான் பாத்தேன். கோயிலே 495ல பாத்துவோங்கிற இந்தியத் துறவிக்காக வடக்கு வெய் வம்சத்து மன்னர் கட்டிக்குடுத்தது, போதிதர்மர் அதுக்கு அப்புறம் வந்தவரு. குங்ஃபூவுக்கு மூலம்னு காட்டுற, அவரு எழுதினதா சொல்ற தசைநார்ப் பயிற்சி நூலு 17ஆம் நூற்றாண்டுலதான் தலைகாட்டுது.

அந்தக் கல்வெட்டு 728ல வெச்சது. ஆட்சிக்குப் போட்டி போட்ட வாங் ஷிசோங்கிற தளபதியோட படை கோயில் நிலத்தைப் புடிச்சு வெச்சிருந்தப்ப, 621ல துறவிங்க அவனோட எதிரி லி ஷிமின் பக்கம் நின்னு சண்டை போட்டு வாங் ஷிசோங்கோட உறவுக்காரனையே புடிச்சுக் குடுத்திருக்காங்க, அந்த 13 பேரோட பேரும் கல்லுல இருக்கு. லி ஷிமின்தான் பின்னாடி தாங் பேரரசர். அதாவது ஆரம்பம் நிலத்தையும் கோயிலையும் காப்பாத்துறதுதான். மிங் வம்ச காலத்துல (14-17ஆம் நூற்றாண்டு) இவங்க பேரு வாங்கினதும் கம்புச் சண்டைக்குத்தான், கடற்கொள்ளைக்காரங்களோட மோதினதெல்லாம் அப்பதான், வெறுங்கை சண்டைக்கு பேரு வந்தது அதுக்கும் அப்புறம்.

அடுத்து ஆயிரம் புத்தர் மண்டபம். செங்கல் தரையில 48 குழி வரிசையா இருக்கு, தலைமுறை தலைமுறையா காலை ஓங்கி மிதிச்சு பழகினதுல விழுந்த குழின்னு சொல்றாங்க. நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்னுட்டேன். ஷோல அஞ்சு நிமிஷத்துல நாம கைதட்டுற அடிக்கு பின்னாடி எத்தனை வருஷ உழைப்புன்னு அந்தத் தரை சொல்லிடும்.

போதிதர்மருக்கு அங்க மரியாதை இல்லையான்னா, நிறைய இருக்கு, ஆனா தியான குருவா, சான் பௌத்தத்தோட (ஜப்பான்ல ஜென்னு சொல்றது) மூலவரா. துறவிங்க ஒத்தக் கையை மட்டும் நெஞ்சுக்கு நேரா வெச்சு வணக்கம் சொல்வாங்க கவனிங்க, போதிதர்மர் தன்னை சீடனா ஏத்துக்கணும்னு பனியில நின்னு கையையே வெட்டிக்குடுத்த ஹுய்கேவோட ஞாபகமாம். போதிதர்மர் 9 வருஷம் சுவரைப் பாத்து உக்காந்ததா சொல்ற குகை மலைமேல இருக்கு, படி செங்குத்து, வயசானவங்களுக்கு கஷ்டம்தான், முடிஞ்சவங்க ஏறிடுங்க.

குரூப் டூர் எடுத்தா குகைக்கும் கல்வெட்டுக்கும் டைம் குடுப்பாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. இல்லைன்னு சொன்னா தனியா பஸ் புடிச்சு காலைலயே போயிடுங்க, ஸ்தூபிக் காட்டுல இருக்கிற 200க்கு மேல துறவிங்க சமாதியையும் அப்பதான் நிதானமா சுத்திப் பாக்க முடியும்.